சொல்லாத நோயும் சுகமான உடையும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. அழகையும் மதிப்பையும் பற்றிப் பேசுகையிலேயே இப்பழமொழியை நாம் எடுத்தாள்கிறோம். உடலில் ஒரு நோவைப் பிறரறியாமல் சுமந்து நடக்கும் பெண்ணுக்கு ஆடை என்பது வேறொரு பொருள் உடையது. காலையில் அவள் இறுக்கிக் கட்டும் பாவாடைக் கயிறு, மாலைக்குள் அவளை வாட்டி எடுத்துவிடும். அதே கயிற்றைச் சற்று மாற்றித் தைத்துக் கொடுத்தால், அவள் நாள் முழுதும் நிமிர்ந்து நடப்பாள். நம் சங்கத்து அன்னையருக்கும் சகோதரிகளுக்கும் இம்மாதம் நான் சொல்ல விழைவது இதனைப் பற்றியே. ஆடவரும் இதனைப் படித்தல் நலம். தாயில்லாத ஆடவர் யாருமிலர் அன்றோ?

பலமனேரில் ஒரு கலியாணம்

என் பிறந்த ஊர் பலமனேர். 1911க்கு முன் வடஆர்க்காட்டு மாவட்டத்திலும், பின்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும், 1953 முதல் ஆந்திரத்திலும் சேர்ந்த ஊர் அது. சென்னையிலிருந்து சித்தூர் வழியாகப் பெங்களூர் செல்வோர் மலையேறியதும் குளிர்ந்த காற்றை முதன்முதல் உணருமிடம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, தையற்காரரிடம் உருது, சற்று மேற்கே போனால் கன்னடம் என்று எங்கள் பெண்கள் நான்கு மொழிகளிலும் பேரம் பேசுவார்கள். ஆனால் ஒரு செய்தியை மட்டும் அவர்கள் எம்மொழியிலும் பேசமாட்டார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கலியாணம் ஒன்றிற்காக நான் ஊருக்குச் சென்றிருந்தேன். என் பெரியம்மாவுக்கென்று அரக்கு நிறத்தில் காஞ்சிபுரப் பட்டு ஒன்று வாங்கிப் போனேன். அவர்கள் அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். முகூர்த்தத்தன்று வெளுத்துப் போன நூற்சேலையொன்றில் பந்தலின் கடைக்கோடியில் சுவரோரமாய் அமர்ந்திருந்தார்கள். பந்திக்கு முன்பே வீட்டிற்குத் திரும்பிவிட்டார்கள். “பெரியம்மாவுக்கு என்மேல் வருத்தமோ?” என்று நான் கலங்கினேன்.

இரவில் உண்மை தெரிந்தது. “அடி தள்ளியிருக்கிறது, கண்ணு. இருபது வருஷமாச்சு. பட்டுக் கட்டினால் இழுத்து இறுக்க வேண்டும். இறுக்கினால் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஈரமும் பட்டுவிடும்” என்றார்கள். அவ்வளவுதான். இருபது ஆண்டுத் துன்பத்தை ஐந்தே வாக்கியங்களில் சொல்லி முடித்து, விளக்கை அணைக்கச் சொன்னார்கள்.

இந்நோய் யாது?

தமிழ்நாட்டுப் பெண்கள் ‘அடி தள்ளுதல்’ என்றும் ‘கர்ப்பப்பை இறக்கம்’ என்றும், தெலுங்குப் பெண்கள் ‘கர்ப்பசஞ்சி ஜாருதல்’ என்றும் தாழ்ந்த குரலில் சொல்லும் நோய் இதுவே. இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பாகத்தில் தசைகளும் நார்களும் சேர்ந்து ஒரு தூளிபோல் அமைந்துள்ளன. முன்னே சிறுநீர்ப்பை, நடுவே கருப்பை, பின்னே மலக்குடல் ஆகிய மூன்றையும் அத்தூளியே தாங்குகிறது. அது நைந்து தொய்ந்தால் இம்மூன்றில் ஒன்றோ பலவோ பெண்ணுறுப்பின் வழியே கீழே இறங்கும். கருப்பையை அறுவையால் நீக்கிவிட்டவர்க்கும் இவ்விறக்கம் வரக்கூடும்.

தூளி நைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது பிரசவம். அதிலும் நெடுநேரம் நீடித்த பிரசவமும், ஆயுதமிட்டு எடுத்த பிரசவமும், அடுத்தடுத்த பிரசவங்களும். பிரசவித்த உடம்பு தேறுமுன் பளு தூக்குதல், ஆறாத இருமல், நாட்பட்ட மலச்சிக்கல், உடற்பருமன் ஆகியனவும் காரணங்களே. மாதவிலக்கு நின்றபின் பெண்மைச் சுரப்பு குறைவதால் தசைகள் மேலும் தளர்கின்றன. பலமனேர்ச் சந்தைக்குப் போகும் தக்காளிப் பெட்டி ஒன்று 25 முதல் 30 கிலோ வரை இருக்கும். அதைத் தோட்டத்திலிருந்து பாதைவரை தூக்குபவள் பெரும்பாலும் ஒரு பெண். தண்ணீர்க் குடமும், மாட்டுத் தீவனக் கட்டும் இன்னும் அவள் தலையிலேயே இருக்கின்றன.

அறிகுறிகளைப் பெண்களே நன்கறிவர். அடிவயிற்றில் பாரம், ஏதோ கீழே இறங்குவது போன்ற உணர்ச்சி, நெடுநேரம் நின்றாலும் மாலையானாலும் அது மிகுதல், படுத்தால் தணிதல், இருமினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிதல், சிறுநீர் முழுதும் பிரியாத குறை. இறங்கிய பகுதி வெளியே வந்து துணியில் உராய்ந்தால் புண்ணும் உண்டாகும்.

மறைத்தலின் விலை

இத்துன்பம் என் பெரியம்மா ஒருவருக்கே உரியதன்று. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களை டாக்டர் ராணி பங்கும் அவர் குழுவினரும் பரிசோதித்து 1989இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. பெண்ணோய்கள் அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நூற்றுக்கு 92 பேரிடம் ஏதேனும் ஒரு நோய் காணப்பட்டது. அதற்கு முன் அந்நோய்களுக்காகப் பரிசோதனையும் சிகிச்சையும் பெற்றிருந்தவரோ நூற்றுக்கு 8 பேரே. செங்கற்பட்டுப் பகுதியில் 1981இல் தோன்றிய கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சேர்ந்த டி. கே. சுந்தரி ரவீந்திரன் முதலியோர், கருப்பை இறக்கத்தோடு வாழும் தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவங்களை அவர்தம் வாய்மொழியாகவே கேட்டு 1990களின் இறுதியில் ஆய்வுரை எழுதினர். நேபாளத்தில் இது நாட்டுப் பிரச்சினையாகவே எழுந்தது; அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2008இல் இதனைப் பெண்களின் உரிமை பற்றிய வழக்காக ஏற்றுத் தீர்ப்பளித்தது.

மறைத்தலுக்கு நம் மண்ணில் நெடிய வரலாறு உண்டு. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ வேதனைப்படும் மனைவியருக்கு உதவி நாடி வந்தனர். ஆண் வைத்தியர் பார்ப்பதை அவ்வீட்டார் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவைக் கண்ட இளம்பெண் ஐடா ஸ்கட்டர் மருத்துவம் பயின்று திரும்பி, 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார்; 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். இன்று பெண் மருத்துவர்கள் ஊர்தோறும் உளர். ஆயினும் நாணம் என்னும் பழைய கதவு பல வீடுகளில் இன்னும் திறக்கவில்லை.

கயிறு செய்யும் கேடு

இனி உடையைப் பற்றிச் சொல்வேன்.

சேலைக்குள் நாம் அணியும் பாவாடையை ஒரு மெல்லிய நாடாவே இடுப்பில் பிடித்து நிறுத்துகிறது. சேலை நழுவாதிருக்க அந்நாடாவை மூச்சடக்கி இறுக்குகிறோம். நீர் நிரம்பிய தோற்பையின் நடுவில் கயிறு கட்டி இறுக்கினால் நீர் எங்கே போகும்? மேலும் கீழுமாகவே பிதுங்கும். வயிற்றை இறுக்கும்போது உள்ளழுத்தம் கீழ்நோக்கியும் பாய்கிறது. முன்னமே தளர்ந்த தூளியின்மேல் அப்பளு இறங்குகிறது. பாரவுணர்ச்சி மிகுதற்கு இது போதும்.

நாடாவின் கேடு அத்துடன் நிற்பதில்லை. பல்லாண்டுகள் ஒரே இடத்தில் உராயும் நாடா தோலைக் கறுக்கச் செய்து புண்ணாக்கும். அரிதாக அப்புண் புற்றாகவும் மாறக்கூடும்; இடுப்பில் இறுக்கிக் கட்டும் உடையால் வரும் அத்தகைய புற்றைப் பற்றிப் பம்பாய் மருத்துவ அறிஞர் வி. ஆர். கானோல்கரும் சூரியாபாயும் 1945இலேயே எழுதி வைத்தனர்.

பிரசவித்த பெண்ணுக்கு வயிறு சரியாதிருக்கப் பழஞ்சேலையைக் கிழித்து இறுகக் கட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. முதுகுக்கு இதமாகத் தளர்வாய்க் கட்டுவதில் பிழையில்லை. மூச்சு முட்டக் கட்டினால் அழுத்தம் கீழிறங்கும் என்பதை நம் பாட்டிமாருக்குப் பணிவோடு எடுத்துச் சொல்ல வேண்டும். இன்று கடைகளில் ‘ஷேப்வேர்’ என்று விற்கப்படும், வயிற்றை ஒடுக்கும் பாவாடைகளும் இவ்வகையினவே.

பெரியம்மாவின் பாடி பாவாடை

எங்கள் தெருமுனையில் முதிய தையற்காரர் ஒருவர் உண்டு. பெயர் சொல்லாது ‘பாய்’ என்றே எல்லோரும் அழைப்போம். கலியாணம் முடிந்த மறுநாள் நான் அவரிடம் சென்று, “பாய், இடுப்பில் இறுக்காத பாவாடை ஒன்று பெரியம்மாவுக்கு வேண்டும். ஆனால் சேலை நிற்க வேண்டும்” என்றேன். காரணத்தை அவர் கேட்கவில்லை. சிறிது யோசித்து, “சின்னப் பிள்ளைகளுக்குப் பாடி பாவாடை தைப்போமே அம்மா, அதையே பெரியவர்களுக்குத் தைத்தால் என்ன?” என்றார்.

நம்மில் பலர் சிறுமியராய் இருந்தபோது அணிந்ததுதான் அது. கையில்லாத மேலுடம்புப் பகுதியோடு பாவாடை சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கும். பாவாடையின் பளுவைத் தோள் தாங்கும்; இடுப்பு தாங்காது. பாய் மெல்லிய பருத்தித் துணியில் அவ்வாறே தைத்து, இடுப்பளவில் நான்கு விரற்கடை அகலத்தில் ஒரு பட்டையை இறுக்கமின்றி வைத்தார். முன்பக்கம் பொத்தான்கள். சேலையின் கொசுவத்தை அப்பட்டையில் செருகி இரண்டு ஊக்குகளால் குத்திவிட்டால் அது நழுவுவதில்லை. பெரியம்மா அதனை அணிந்து கூடத்தில் இருமுறை நடந்தார்கள். “மூச்சு விட முடிகிறது” என்றார்கள்.

உடையில் கொள்ளத்தக்கவை

பாடி பாவாடை தைக்க இயலாதோரும் செய்யத்தக்கவை பல உள. வழக்கமான பாவாடையில் மெல்லிய நாடாவை நீக்கி அகலப் பட்டை வைத்துப் பின்பக்கம் மட்டும் மெல்லிய எலாஸ்டிக் கோத்துக்கொள்ளலாம். உடுத்தியபின் பட்டைக்குள் இரண்டு விரல்கள் எளிதில் நுழைய வேண்டும். அமர்ந்து ஆழ மூச்சிழுக்கும்போது அது வயிற்றைக் கடிக்கக் கூடாது. அதுவே சோதனை.

சேலையில் எடை குறைந்ததே நலம். கெட்டிச் சரிகைப் பட்டைவிடச் சுங்குடியும் மெல்லிய கைத்தறியும் இதமானவை. பட்டே வேண்டுமெனில் சரிகை குறைந்த மென்பட்டு உண்டு. சிறுநீர்க் கசிவுக்கு அஞ்சுவோர்க்கு அடர்நிறமும் பூவேலையும் மனத்தைரியம் தரும். சல்வார் அணிவோர் இடுப்புக் கயிற்றுக்கு மாறாக அகன்ற, தளர்ந்த எலாஸ்டிக் வைத்துக்கொள்வது கழிவறைக்கு விரைவாகச் செல்லவும் உதவும். ஜீன்ஸ் என்னும் முரட்டுக் காற்சட்டையில் இரு கால்களும் கூடுமிடத்தில் தடித்த தையல் உண்டு. அத்தையல் அழுத்தி உராய்வதால் இந்நோயுடையோர் அதனைத் தவிர்ப்பதே நன்று.

உள்ளாடை பருத்தியாய், இடுப்புவரை உயர்ந்ததாய், கால்களுக்கிடையே அகன்ற இரட்டைத் துணி வைத்ததாய் இருத்தல் வேண்டும். ஓரத்தில் சரிகைப் பின்னலோ தடித்த தையலோ ஆகாது. ஈரமானால் உடனே மாற்றுக. இறங்கிய பகுதியைக் கீழிருந்து தாங்குவதற்கென்றே அகன்ற பட்டைகள் தைத்த உள்ளாடைகள் இப்போது விற்கப்படுகின்றன. வயிற்றை நெருக்காமல் அடியிலிருந்து மேல்நோக்கித் தாங்குவதே அவற்றின் முறை. சிறுநீர் கழித்துவிட்டு, இடுப்பின்கீழ் தலையணை வைத்துச் சிறிதுநேரம் படுத்திருந்து, இறங்கியது உள்ளடங்கியபின் படுத்தவாறே அதனை அணிந்துகொள்ளலாம். உறங்குமுன் கழற்றிவிட வேண்டும். அது நோயைத் தீர்ப்பதன்று. நிற்க வேண்டிய சில மணி நேரங்களுக்குத் துணை.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யற்க. பழந்துணியைச் சுருட்டி உள்ளே அடைத்துக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது புண்ணையும் சீழையும் வரவழைக்கும்.

குளிர்நாடுகளில் வாழும் நம் குடும்பத்தினர்க்கும் ஒரு சொல். அங்கே காலுறைக் காற்சட்டையும் அதன்மேல் மற்றொன்றுமாக இடுப்பில் எலாஸ்டிக் அடுக்கடுக்காய் ஏறிவிடுகிறது. கர்ப்பிணிகளுக்கென விற்கும் மென்பட்டை வைத்த காலுறை எவ்வயதினர்க்கும் பொருந்தும். தோளிலிருந்து தொங்கும் கம்பளிக் கவுன் இடுப்பை விட்டுவிடும். குளிரால் வரும் இருமலை அலட்சியம் செய்யாதிருத்தலும் உடையைப் போன்றே முக்கியம்.

உடைக்கு அப்பால்

நல்லுடை நாளை எளிதாக்கும், நோயைப் போக்காது. ஆகவே உடை மாற்றத்தோடு நிற்காமல் மருத்துவரைக் காண வேண்டும். பெரியம்மா முன்பு ஒருமுறை ஓரிடத்தில் காட்டியபோது, “வயதானால் இப்படித்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அச்சொல் தவறானது. இந்நோய்க்கு மூவகைச் சிகிச்சைகள் உள.

முதலாவது பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் எழுதிப் பரப்பியது. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவது போல் அடித்தசைகளைச் சுருக்கிச் சில நொடிகள் நிறுத்திப் பின் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. குறைந்தது மூன்று மாதம். பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 447 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வு, தக்கவரிடம் நேரில் கற்றுச் செய்த பயிற்சி தொல்லைகளைக் குறைத்தது எனக் காட்டியது.

இரண்டாவது வளையம். மென்மையான சிலிக்கோன் வளையத்தை மருத்துவர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். கத்தியில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துத் தூய்மை செய்து பரிசோதிக்க வேண்டும். பலர் அதனைத் தாமே எடுத்து வைக்கவும் கற்றுக்கொள்கின்றனர்.

மூன்றாவது அறுவை. கருப்பையை நீக்குவது ஒன்றே வழி என்று எண்ண வேண்டா. கருப்பையைக் காத்து மேலே தாங்கிக் கட்டும் முறைகளும் உள. அவற்றுள் ஒன்றை வகுத்தவர் பம்பாயின் டாக்டர் வி. என். ஷிரோட்கர். பெண்ணுறுப்பின் வழியாகச் செயற்கை வலை வைக்கும் முறையைப் பற்றி மட்டும் தெளிவாகக் கேட்டறிக. இவ்விறக்கத்திற்கான அத்தகைய வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 2019இல் நிறுத்தச் செய்தது.

சிறுநீர் பிரியாமற் போதல், இறங்கிய பகுதியில் புண், துர்நாற்றம், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவற்றுள் எது கண்டாலும் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

மகளிரும் மருமகளிரும் செய்யத்தக்கது

வெளிநாட்டில் மகளின் பிரசவத்திற்குத் துணையாக வரும் தாய், ஊறுகாயும் பொடியும் அடைத்த 23 கிலோப் பெட்டிகளைத் தானே இழுத்து வருகிறாள். வந்தபின் பேரக்குழந்தையைத் தூக்குகிறாள். தொட்டி நிறைய ஈரத்துணி தூக்குகிறாள். “அம்மாவுக்கு என்ன, இரும்பு உடம்பு” என்று நாம் பெருமைப்படுகிறோம். அவள் அடிக்கடி படுக்கிறாளா, வெளியே வர மறுக்கிறாளா, புதுச்சேலையைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். தனியே அமர்ந்து, “அம்மா, அடியில் பாரமாய் இருக்கிறதா?” என்று ஒருமுறை கேளுங்கள். பெற்ற மகள் கேட்டால் அவள் சொல்வாள். அவளுக்காக மருத்துவரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியவளும் நீங்களே. ஆகவே அச்சொற்களை நீங்கள் நாணமின்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மாவை நான் வேலூருக்கு அழைத்துச் சென்றேன். பெண் மருத்துவர் பரிசோதித்து வளையம் பொருத்தினார்; பயிற்சியும் கற்பித்தார். “இவ்வளவுதானா? இதற்கா இருபது வருஷம்?” என்று திரும்பும் வழியில் பேருந்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். அவர்கள் கேட்டது என்னையன்று, தம்மையே கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த தை மாதம் எங்கள் வீட்டில் இன்னொரு கலியாணம். நான் போக இயலவில்லை. படம் மட்டும் வந்தது. அரக்குப் பட்டில், மணப்பெண்ணின் அருகே, முதல் வரிசையில் பெரியம்மா நின்றிருந்தார்கள். பட்டின் அடியில் பாய் தைத்த பாடி பாவாடை இருந்தது என்பதை அப்படத்தைப் பார்த்தவருள் நானொருத்தியே அறிவேன்.

நம் இல்லங்களிலும் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும் பட்டுச்சேலைகள் உண்டு. அவை ஏன் வெளியே வரவில்லை என்று கேட்போமாக.